ஸ்டீயரிங்குக்கு ஒரு வலம்

மேனகாவின் ஜீப்புக்கு ஹாரன் போனால் அவளுக்கு வாயே போன மாதிரிதான். அளந்துவிடுகிறேன் என்று நினைப்பவர்கள், வடகவுஞ்சி விலக்கிலிருந்து ஈத்தம்பாறைக்குப் போகிற பாதையில் ஒரே ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டு வந்து என்னிடம் பேசட்டும்.

அந்தப் பாதையில் பாதி தூரம் போனதும் ஒத்தைத்தடம் வரும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், இடையில் ஒரே ஒரு வண்டிக்கு வழி. அதுவும் கொஞ்சம் தாராளமாகச் சொன்னதுதான். தடத்தின் நடுவில் கழுத்து வளைவு. மெயின் ரோட்டு வளைவுகளெல்லாம் பஸ் திரும்புவதற்காக வெட்டியவை. ஜீப்புக்கு அரைகுறையாகத் திருப்பினாலே போதும். கழுத்து வளைவு அப்படியல்ல. ஏறும்போது ஸ்டீயரிங்கை வலப்பக்கம் கடைசிவரை, இதற்குமேல் முடியாது என்று அது முரண்டு பிடிக்கிறவரை ஒடித்தால்தான் வண்டி வளையும். அந்தத் தடத்துக்குள் எதிரெதிரே இரண்டு வண்டி மாட்டிக்கொண்டால் ஒதுங்குவதற்கு ஒரு முழம் இடம் கிடையாது.

அதனால் அங்கே ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தடத்தின் வாயில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அமர்த்தி, ஹாரனில் கேட்கவேண்டும். உள்ளே யாராவது இருந்தால் அவர்கள் ஹாரனில் பதில் சொல்வார்கள். பதில் வந்தால் நிற்கவேண்டியது. வராவிட்டால் ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் பொறுத்து இன்னொரு தடவை கேட்கவேண்டும். அப்போதும் சத்தமில்லையா, தடம் காலி. தாராளமாக உள்ளே விடலாம். எந்த அதிகாரியும் போட்ட சட்டமல்ல. ஆனால் ஊரில் இருக்கிற எல்லாச் சட்டத்தையும் ஏய்க்கிற ஆள்கூட இதை ஏய்க்கமாட்டான்.

ஆளுக்கொரு சத்தம் வேறு உண்டு. மேனகாவுக்கு மூன்று குட்டை. அவள் புருசன் தனசேகருக்கு இரண்டு நீளம், ஒரு குட்டை. ஈத்தம்பாறையிலிருந்து சௌசௌ மூட்டைகளை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறக்குகிற பிக்கப் அவனுடையது. ஆட்களை ஏற்றி இறக்குகிற ஜீப் அவளுடையது. வீட்டில் பேசிக்கொள்வதைவிட இதுகள் ஹாரனில் பேசிக்கொள்வதுதான் அதிகம் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

இப்போது மலையடிவாரத்தில், பழனிக்குப் பக்கத்தில் இருக்கிற பாலசமுத்திரத்துக்கு வருவோம். போன கிருத்திகைக்கு ஜீப் அங்கேதான், ஞானவேலின் மெக்கானிக் ஷெட்டில், ஜாக்கி மேல் நின்றது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஆயில் கசிந்துகொண்டிருந்தது. ஞானவேல் இளவட்டம், ஷெட் போட்டு இன்னும் வருசம் திரும்பவில்லை. மலைவண்டிகள் அவனைத் தேடிப் போவதே மேனகா டீக்கடையில் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான். “நம்பி விடலாம். வேலையில சுத்தம்” என்றாள், அதோடு வண்டிகள் அவன் வாசலில் வரிசைகட்டின.

அன்று அவன் ஸ்டீயரிங்கை நேராக வைத்து, சீட் பெல்ட்டை இழுத்து அதற்குள் நுழைத்து இறுக்கிக் கட்டினான். பிறகு கீழே படுத்து, ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்கிற இணைப்பைக் கழற்றினான்.

“அக்கா, ஒரு சாமான் வாங்கணும், பழனி வரைக்கும் போயிட்டு வந்துர்றேன். ஸ்டீயரிங்கு ஆடாம அப்படியே கெடக்கட்டும்.”

“போயிட்டு வாப்பா. நான் என்ன, அதைத் தூக்கிக்கிட்டா ஓடப்போறேன்?”

அவன் போய்விட்டான். ஷெட்டில் மேனகா தனியாக இருந்தாள். ஷெட் வாசலிலிருந்து பார்த்தால் பழனி மலை தெரியும். அதுதான் வினை.

முன்பெல்லாம் ஈத்தம்பாறை வண்டிகள் கீழே இறங்கினால், பழனி மலையைச் சுற்றுகிற கிரிவீதியில் ஒரு வலம் வந்துவிட்டுத்தான் திரும்ப ஏறும். அங்கே வண்டி விடக்கூடாது என்று ஆன பிறகு இவர்கள் சும்மா இருப்பார்களா? மலை தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை வலப்பக்கமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கும்பிட்டுக்கொள்கிறார்கள். பிறகு சக்கரத்தை நேராக்க வேண்டுமே, அதற்காகத் திருப்பிச் சுற்றிவிட்டுக் கிளம்புவார்கள். வண்டி போக முடியாவிட்டால் என்ன, ஸ்டீயரிங்காவது சாமியைச் சுற்றட்டும் என்று கணக்கு. கிருத்திகையும் அதுவுமாக, வண்டி மலையைப் பார்த்து நிற்கிறது. வலம் போடாமல் ஊர் திரும்புவதா? மேனகாவுக்கு மனசு கேட்கவில்லை.

கட்டை அவிழ்த்தாள். வலப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினாள். அடேயப்பா, என்ன லேசு! தினமும் மல்லுக்கு நிற்கிற ஸ்டீயரிங் விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு போயிற்று. கீழே இணைப்பே இல்லாதபோது லேசாகத்தானே இருக்கும்? அவளோ முருகன்தான் கைகொடுத்தான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுற்று முடிந்ததும் ஸ்டீயரிங் தொடங்கிய இடத்திலேயே, ஒரு நூல் பிசகாமல், நேராக வந்து நின்றது. திருப்பிச் சுற்றி வைக்கவேண்டுமா என்று ஒரு கணம் யோசிக்கத்தான் செய்தாள். ஆனால் நேராகத்தானே நிற்கிறது? வலம் வந்தவன் எவனாவது எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று நடந்து அதை அழிப்பானா? பெல்ட்டை இருந்தபடியே கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

ஞானவேல் வந்தான். கட்டு கட்டினபடி இருந்தது. ராத்திரி வரை இருந்து வேலையை முடித்தான், மறுநாள் காலையில் கீழே தட்டையான ரோட்டில் ஓட்டிப் பார்த்தான். தங்கமாக ஓடியது. ஹாரன் கணீரென்று கேட்டது. மத்தியானம் மேனகா வண்டியை எடுத்துக்கொண்டு மலை ஏறினாள்.

வடகவுஞ்சி விலக்கில் பெருமாயியும், காப்பித் தோட்டத்தில் வேலை முடித்த நாலைந்து பெண்களும் ஏறிக்கொண்டார்கள். கடைசியாக ஒச்சன் ஏறினார். காட்டில் கடுக்காயும் நெல்லியும் பொறுக்கி விற்றுவிட்டுத் திரும்புகிற மனுசர். பேச்சு குறைவு, நடை வேகம்.

“ஏத்தா, ரெண்டு நாளா வண்டியில்லாம நாங்க பட்ட பாடு முருகனுக்குத்தான் தெரியும்,” என்றாள் பெருமாயி. “கும்பிட்டு வந்தியா?”

“கும்பிட்டேன் சித்தி. வண்டிக்கும் வலம் ஆச்சு.”

“உம் புருசன் விடிஞ்சதுல இருந்து மூட்டை ஏத்திக்கிட்டுக் கெடந்தான்.”

“வெள்ளனே எறங்குறேன்னுதான் சொன்னாரு. இந்நேரம் சத்திரத்துல இருப்பாரு. பிரேக் கட்டை வேற தேஞ்சு கெடக்கு; லோடை எறக்கிட்டு மாத்திக்கிட்டு வர்றாராம்.”

தேய்ந்த பிரேக்கோடு லோடு ஏற்றுகிற ஆளை என்ன சொல்வது? அவளும் சொல்லிப் பார்த்தவள்தான். இன்று ஒரு நடை, நாளை ஒரு நடை என்று தள்ளிக்கொண்டே போகிறவனை எந்தப் பெண்டாட்டி திருத்தியிருக்கிறாள்?

பாதி தூரம் போவதற்குள் மேகம் இறங்கிவிட்டது. மூடுபனி என்றால் சும்மா படத்தில் வருகிற பனியல்ல. சொந்த வண்டியின் மூக்கு தெரியாத பனி. ஒத்தைத்தடத்தின் வாயில் மேனகா நிறுத்தினாள், இஞ்சினை அமர்த்தினாள், மூன்று குட்டை அடித்தாள். எல்லோரும் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்கள். கீழே ஓடை இரைகிற சத்தம் மட்டும். பொறுத்து இன்னொரு தடவை அடித்தாள். பதில் இல்லை. உள்ளே விட்டாள்.

கழுத்து வளைவில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தாள். ஒடித்து, இன்னும் ஒடித்து, கடைசித் திருப்பில் அவள் உள்ளங்கைக்குக் கீழே, ஸ்டீயரிங்குக்குள்ளேயே, ‘சடக்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தமல்ல, ரவிக்கை ஹூக் தெறித்தால் கேட்குமே, அவ்வளவுதான். அதே கணம் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு பற்றிக்கொண்டது. ஒரு ஆள் உட்கார்ந்து மடியில் பந்து வைத்திருப்பதுபோல ஒரு படம்.

“இதென்னடா புதுசா ஒண்ணு எரியுது,” என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியை நிமிர்த்தி ஏற்றினாள். வண்டி ஒழுங்காகத்தான் போயிற்று. வளைவைத் தாண்டியதும் பள்ளம் அவள் பக்கத்துக்கு, வலப்பக்கத்துக்கு, வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

அப்போதுதான் மேலேயிருந்து கேட்டது. இரண்டு நீளம், ஒரு குட்டை.

மேனகாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வெள்ளனே போகிற மூஞ்சியைப் பார், இன்னும் ஊரைத் தாண்டவில்லை! வழக்கம்போல் பதிலுக்கு அமுக்கினாள்.

சத்தம் வரவில்லை.

மறுபடி அமுக்கினாள். உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். முஷ்டியால் குத்தினாள். ஸ்டீயரிங் கட்டைபோலக் கிடந்தது. வண்டியை நிறுத்திக் கைபிரேக்கை இழுத்தாள். சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“என்னத்தா, பதில் குடுக்கல?” என்றாள் பெருமாயி.

“ஹாரன் இல்ல சித்தி.”

ஜீப்புக்குள் இருந்த ஒருவருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எல்லோரும் அந்தத் தடத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். மேலே தனசேகர் இஞ்சினை அமர்த்திக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பதில் வரவில்லை. இன்னொரு தடவை கேட்பான். அதற்கும் பதில் வராது. பிறகு முறைப்படி, நிம்மதியாக, முழு லோடோடு, தேய்ந்த பிரேக்கோடு இறக்கத்தில் விடுவான். இவர்களைப் பார்க்கும்போது நிறுத்துவதற்கு இடம் இருக்காது. பின்னால் போகலாம் என்றால் முதுகுப்பக்கம் கழுத்து வளைவு; பனியில் அதை ரிவர்ஸில் திருப்ப நினைப்பதும் நேரே பள்ளத்தில் குதிப்பதும் ஒன்றுதான். செல்போனா? ஒத்தைத்தடத்தில் செல்போன் டார்ச் அடிக்கத்தான் உதவும்.

“எல்லாரும் எறங்குங்க! பாறைப் பக்கமா எறங்குங்க. வெரசா!” என்று மேனகா கத்தினாள். “ஒச்சண்ணே, மேல ஓடுங்கண்ணே. அவரை எப்படியாச்சும் நிறுத்துங்க!”

ஒச்சன் ‘சரி’ என்றுகூடச் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். இரண்டு எட்டில் பனி அவரை விழுங்கிவிட்டது. அவர் “ஓய், ஓய்” என்று கூவுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதையும் ஓடை இரைச்சல் மூடிக்கொண்டது. மேனகா இடப்பக்கக் கதவு வழியாகத் தாவி இறங்கினாள். அவள் பக்கத்துக் கதவைத் திறந்தால் கால் வைக்கத் தரை இருக்குமோ இருக்காதோ.

பெருமாயி பெண்களைப் பாறையோடு ஒட்டி நிறுத்தினாள். பிறகு யாரும் சொல்லாமலே ஒரு கல்லைப் புரட்டிவந்து ஜீப்பின் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள்.

பாவி ஞானவேலு! மேனகா பானெட்டைத் தூக்கும்போதே அவனைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். என்ன வேலை பார்த்தான்? நேற்றுவரை வாய் கிழியக் கத்திய ஹாரன் இவன் கை பட்டதும் செத்துப்போகிறது! பேட்டரி இருக்கிறது. ஹாரன் முன்னால் கிரில்லுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. இடையில் எங்கேயோ அறுந்திருக்கிறது. ஒரு வயர் இருந்தால் பேட்டரியிலிருந்து நேரே ஹாரனுக்குக் கொடுத்துவிடலாம். முன்பு ஒருமுறை அப்படிக் கொடுத்து ஊர் வந்து சேர்ந்திருக்கிறாள். வயருக்கு எங்கே போவது?

பாட்டு! பின் சீட்டுக்கு ஓடுகிற ஸ்பீக்கர் வயர். உள்ளே பாய்ந்து அதைப் பற்றி இழுத்தாள். சீட்டுக்கு அடியிலிருந்து அது வரமாட்டேன் என்றது. காலை முட்டுக்கொடுத்து வெடுக்கென்று ஒரே இழுப்பாக இழுத்தாள். ஸ்பீக்கரும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்தது.

மேலே மறுபடி கேட்டது. இரண்டு நீளம், ஒரு குட்டை. கடைசிக் கேள்வி.

“நிக்கிறோம்யா! உள்ள நிக்கிறோம்!” என்று பெருமாயி தொண்டை கிழியக் கத்தினாள். மற்றப் பெண்களும் கத்தினார்கள். ஒருத்தி தூக்குவாளியை எடுத்துப் பாறையில் அடித்தாள். அந்தச் சத்தம் பனிக்குள் பத்தடிகூடப் போயிருக்காது.

மேனகா வயர் முனையைப் பல்லால் கடித்து உரித்தாள். உதடு கிழிந்தது. ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸில் செருகினாள். ஹாரனில் செருகியிருந்த பழைய வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் மறுமுனையை வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

“முருகா, முருகா, என்னையக் கெடுத்துராதப்பா…” வயர் செருகுகிற தகடெல்லாம் துரு. துரு இருந்தால் கரண்ட் எப்படிப் போகும்? கொண்டையிலிருந்து ஊசியை உருவித் தகட்டைச் சுரண்டினாள். விரலையும் சேர்த்துத்தான் சுரண்டினாள், அது அவளுக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் மேலே பிக்கப்பின் இஞ்சின் உறுமி எழுந்தது. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். ராத்திரி வாசலில் வந்து நிற்கிற சத்தம். தினமும் அதைக் கேட்ட பிறகுதான் அவள் அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள். அதே சத்தம் இப்போது இறங்கி வந்துகொண்டிருந்தது.

வயரை வைத்தாள். பொறி பறந்தது. காதுக்கு ஒரு சாண் தள்ளி ஹாரன் அலறியது.

எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள். வைத்தாள். மூன்று குட்டை. பிறகு மூன்று குட்டை. பிறகும் மூன்று குட்டை. சுட்ட விரலை உதறிவிட்டு மறுபடி மூன்று குட்டை. முகமெல்லாம் கண்ணீரும் மூக்குச்சளியுமாக அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். அவள் அடிக்கிற சத்தமே அவள் காதை நிறைத்ததால் பிக்கப் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரியவில்லை. நிறுத்திக் காது கொடுக்கவும் பயம். நிறுத்தினால் அது பதில் இல்லை என்று ஆகிவிடுமே!

பிறகு மேலே ஒரு கிறீச்சல். நீண்டு, நீண்டு, முடியவே முடியாத ஒரு கிறீச்சல். அதன் முடிவில் தகரம் பாறையில் உராய்கிற கொடூரமான சத்தம். ஏதோ உருண்டு விழுந்தது. அப்புறம் எல்லாம் அடங்கிவிட்டது.

மேனகாவின் கையிலிருந்து வயர் நழுவியது. பெருமாயி வந்து தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் ஓடினாள். செருப்பு எங்கே போனது என்று தெரியாது. பனிக்குள் முதலில் மஞ்சளாக இரண்டு விளக்கு தெரிந்தது, பிறகு சிதறிக் கிடந்த சௌசௌ, பிறகு வண்டி. பிக்கப் பாறையில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது. முன்னால் ஒச்சன் நின்றார். இரண்டு கையையும் பானெட்டில் ஊன்றி, தானே தள்ளி நிறுத்தியதுபோல் நின்றுகொண்டு மூச்சு வாங்கினார்.

“ஒண்ணுமில்ல தங்கச்சி,” என்றார். “ஆளு நல்லா இருக்காரு.”

தனசேகர் ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் அவனுக்கு ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

“ஏ புள்ள! ரெண்டு தடவை கேட்டேன்ல? காதுல என்ன பஞ்சா வச்சிருந்த?”

“ஹாரன் செத்துப்போச்சுங்க…” ஜன்னல் வழியாக அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஊரே பார்க்கட்டும் என்று அழுதாள்.

அவன் குரல் தணிந்துவிட்டது. “மூணு குட்டை கேட்டுச்சு. ஆனா உன் ஹாரன் மாதிரி இல்ல, வெட்டி வெட்டி வந்துச்சு. கீழ வாயில இருந்து இப்பத்தான் கேக்குறியோன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா நிக்கவே மாட்டேங்குது. கேக்குறவ இப்படி விடாம அடிக்க மாட்டாளே. உள்ளதான் இருக்கன்னு தெரிஞ்சு பிரேக்கை மிதிச்சா, அது எங்க நிக்குது? வண்டியைப் பாறையில சாத்திட்டேன்.”

பிக்கப்பை மேலே ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சக்கரத்துக்கு முன்னால் கல்லை வைத்து வைத்து, ஒச்சனும் பெண்களும் கூடவே நடந்து, அங்குலம் அங்குலமாக ரிவர்ஸில் தடத்தின் மேல் வாய்க்குக் கொண்டுபோனார்கள். ஜீப் பின்னால் வந்தது. மேனகா ஹாரனிலிருந்து ஒரு வயரும் பேட்டரியிலிருந்து ஒரு வயருமாக ஜன்னல் வழியே உள்ளே இழுத்துவிட்டிருந்தாள். இரண்டு முனையையும் ஒட்டவைத்தால் ஹாரன் அடிக்கும், பொறியும் பறக்கும்.

மேல்வாயில் ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கேதான் போனில் சிக்னல் வரும். விசயம் காற்றில் போனதுபோல் பரவி, இன்னொரு ஜீப் ஓட்டுகிற சோலைமலை உட்பட நாலு டிரைவர்கள் கூடிவிட்டார்கள். தனசேகர் நெற்றியில் புடைப்போடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். “போனைப் போடு அந்த ஞானவேலுக்கு” என்றான். மேனகா போட்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலேயே போட்டாள்.

“என்னலே வேலை பாத்த நீ?” எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தாள். “கழுத்து வளைவுல முழுசா ஒடிச்சேன், ‘சடக்’னுச்சு, செவப்பு லைட்டு எரியுது, ஹாரன் செத்துப்போச்சு. ஒத்தைத்தடத்துக்குள்ள, ஏழெட்டுப் பேரோட! இன்னிக்கு என் தாலி அந்திருக்கும்டா!”

ஞானவேல் அந்தப் பக்கம் திணறிப்போனான். “அக்கா… யாருக்கும் அடிபட்டுச்சாக்கா?”

“படல. அது என் முருகன் புண்ணியம், உன் புண்ணியம் இல்ல.”

“கிளாக் ஸ்பிரிங்கு போயிருச்சுக்கா,” என்றான் மெதுவாக. “ஸ்டீயரிங்குக்கு அடியில கெடக்கும். உள்ள ஒரு நாடா சுருட்டி வச்சிருக்கும். ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் அதுலதான் கரண்டு போகுது. நீங்க பாத்த செவப்பு லைட்டு ஏர்பேக்குக்கு உள்ளது. ஸ்டீயரிங்கு ஒரு பக்கம் திருப்புனா சுருளும், மறுபக்கம் திருப்புனா அவுரும். சரியா நடுவுல நின்னாத்தான் ரெண்டு பக்கத்துக்கும் நாடா பத்தும். ஒரு சுத்து தள்ளி நின்னாக்கூட, கீழ ஓட்டுறப்ப தெரியாது. முழுசா ஒடிக்கிறப்ப பத்தாம அந்துரும். அதுக்குத்தாங்க்கா கழட்டுறதுக்கு முன்னாடி பெல்ட்டைப் போட்டுக் கட்டுறது.”

மேனகாவின் கையில் இருந்த டீ கிளாஸ் அப்படியே நின்றது.

“அப்ப கட்டலையா நீ?” என்று சோலைமலை போனைப் பார்த்துக் கத்தினான்.

“கட்டினேண்ணே. கட்டித்தான்…” அவன் நிறுத்தினான். “கட்டினேன்னுதான் நெனைக்கிறேன். திரும்பி வந்தப்பவும் கட்டு இருந்துச்சே. இல்ல, கட்டுறதுக்கு முன்னாடியே நடுவுல இல்லையோ என்னமோ, நான் பாக்காம விட்டிருப்பேன். என் தப்புத்தாண்ணே. ஆளு உசுரு போகப் பாத்திருக்கே. இனி ஸ்டீயரிங்கு வேலையே நான் தொடல.”

“ஸ்டீயரிங்கு என்ன, இனி மலையில இருந்து ஒரு வண்டி உன் ஷெட்டுக்கு வராது,” என்றான் சோலைமலை. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

எல்லோரும் மேனகாவைப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பையன் கதை முடிந்தது. ஒன்றும் சொல்லாவிட்டாலும் முடிந்தது, அதுதான் கொடுமை. அவள் வாயைத் திறக்கவில்லை. லேசாக, வழுக்கிக்கொண்டு சுற்றிய அந்த ஸ்டீயரிங் அவள் உள்ளங்கையில் இன்னும் இருந்தது. பதில் வராதா என்று அந்தப் பக்கம் ஞானவேல் மூச்சுவிடுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. சற்றுமுன் மேலே தனசேகரும் இதே மாதிரிதான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று நினைத்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஞானவேலு,” என்றாள். “நீ ஒழுங்காத்தான்ப்பா கட்டியிருந்த. நீ பழனி போனப்ப நான்தான் அவுத்தேன். அவுத்துச் சுத்திட்டுத் திரும்பக் கட்டி வச்சேன்.”

சோலைமலை போனுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

“எந்தப் பக்கம்க்கா சுத்துனீங்க?”

“வலப்பக்கம்.”

“எத்தனை சுத்து?”

“ஒண்ணே ஒண்ணுப்பா. மலைக்கு நேரா நின்னுச்சே… வலம்.”

ஞானவேல் சொன்னான்: “ஒண்ணோட நிறுத்திட்டீங்களேக்கா. சாமிக்கு மூணு சுத்துச் சுத்தியிருந்தா இங்கயே, ஷெட்டுலயே அந்திருக்கும். எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. சோலைமலை தன் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தான். அவனும் போன வாரம்தான் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருந்தான். மேனகா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தனசேகர் அவள் மடியிலிருந்த போனை எடுத்தான். அவன் திட்டப்போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். யாரைத் திட்டப்போகிறான் என்பதுதான் தெரியவில்லை.

“தம்பி, நாளைக்குக் காலையில பிக்கப்பைக் கொண்டாறேன்,” என்றான். “பிரேக் கட்டை மாத்தணும். நான் ஒரு மாசமாத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். ஜீப்பையும் கொண்டாறோம், அந்த நாடாவை நீயே மாத்திரு, வேற யாரும் தொட வேணாம்.”

போனை வைத்துவிட்டு அவளுடைய சுட்டுப்போன விரலைப் பிடித்துப் பார்த்தான். ஊதினான்.

“சாமியை நீ படியேறிப் போயிக் கும்பிடு,” என்றான். “ஸ்டீயரிங்கு எங்கயும் வர வேணாம்.”

அவள் அழுகைக்கு நடுவில் தலையாட்டினாள். பிறகு எழுந்து போய் ஜீப்பில் உட்கார்ந்தாள். பெருமாயியும் பெண்களும் வீடு போய்ச்சேர வேண்டுமே. ஈத்தம்பாறை வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு வயர் முனையையும் ஒட்டவைத்து ஒட்டவைத்து எடுத்துக்கொண்டு போனாள். மூன்று குட்டை, பொறுத்து, மறுபடி மூன்று குட்டை. அவளுக்குப் பின்னால் டீக்கடை வாசலிலிருந்து இரண்டு நீளமும் ஒரு குட்டையும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தன.